எது அரிதாக்குகிறது? ஒரே விளையாட்டின் இரண்டு கடல்பூதங்கள்

பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் ஒரே கற்பனை உலகுக்குள் நுழைந்து, ஆளுக்கொரு வேடம் பூண்டு உலவும் இணைய விளையாட்டுகள் வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. தமிழில் நாம் அவற்றை இன்னும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கியே வைத்திருக்கிறோம். சினிமாவைத் திறனாய்வு செய்கிறோம், சின்னத்திரைத் தொடரையும் விடுவதில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் விடியவிடிய விழித்திருக்கும் உலகங்களை மட்டும் யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. நிறுத்துப் பார்க்கத் தகுந்த பொருள் அங்கே ஏராளம். அதில் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்: எளிதில் காணக் கிடைக்காத கடல்பூதம்.

ஒரு விளையாட்டு உலகைச் செய்பவர்கள் கையில் எல்லாமே இருக்கிறது. ஒரு பூதத்தை ஆயிரம் முறை உலவவிட ஆகும் செலவும் ஒரே ஒரு முறை உலவவிட ஆகும் செலவும் அவர்களுக்கு ஒன்றுதான். அப்படியிருந்தும் சில பூதங்களை அரிதாக வைக்கிறார்கள். எந்த வழியில் அரிதாக்கினார்கள், அந்த வழி அந்த உலகுக்குப் பொருந்துகிறதா, ஆடுகிறவரிடம் அது எதை வளர்க்கிறது என்பவையே இங்கே என் கேள்விகள்.

இதற்கு நான் கையிலெடுக்கும் அளவுகோல் நான் வாழும் ஊரிலிருந்து வருகிறது. இரணியலுக்குத் தெற்கே பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் குளச்சல், கடியபட்டணம், முட்டம் என்று கடப்புறத்து ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. எங்கள் சந்தைக்கு வரும் சாளையும் அயிலையும் நெத்திலியும் அங்கிருந்து வருபவை. அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் போய் 'பெரிய மீன் ஒன்று அகப்பட்டதாம்' என்று சொன்னால், எந்தப் பாரில், எத்தனை பாக ஆழத்தில், எந்தக் காற்றில், நீரோட்டம் எந்தப் பக்கம் இழுத்தது என்றுதான் கேட்பார். கரையில் தெரியும் மலைமுகட்டையும் கோயில் கோபுரத்தையும் ஒன்றோடொன்று நேர்கோட்டில் வைத்து, கண்ணுக்குத் தெரியாத கடலடிப் பாரின் இடத்தைக் கணித்து வைத்திருக்கும் மரபு அவர்களுடையது. அவர்களைப் பொறுத்தவரை அரிதான எதற்கும் ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தை ஓரளவேனும் அறியலாம், அறிந்தவருக்கு அதன் அருமை கொஞ்சம் குறையும். இந்த அளவுகோலைத்தான் விளையாட்டின் மேல் வைத்துப் பார்க்கப் போகிறேன்.

சாரிப்டிஸ்: காத்திருப்பின் பூதம்

எடுத்துக்கொள்ளும் விளையாட்டு ஃபைனல் ஃபேன்டசி லெவன். ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் 2002 மே மாதம் தன் நாட்டில் வெளியிட்டது. அடுத்த ஆண்டு அது வட அமெரிக்காவுக்குப் போனது. பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ் 360 ஆகியவற்றுக்கான சேவை 2016-ல் நின்ற பிறகும் கணினியில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த வகை விளையாட்டுகளில் இவ்வளவு நீண்ட ஆயுள் பெற்றவை விரல்விட்டு எண்ணத்தக்கவை.

அந்த உலகில் கடலோரம் ஒரு குகை. கடல்நாகத்தின் பெயர் கொண்ட அந்தக் குகையின் உட்புறத்து நீர்நிலையில் 'டெவில் மான்டா' என்ற திருக்கைகள் சாதாரணமாக உலவும். அவற்றைக் கொன்றால் சிறிது நேரத்தில் அதே இடத்தில் மறுபடி தோன்றும். எப்போதாவது ஒருமுறை, திருக்கை தோன்ற வேண்டிய இடத்தில் கணவாய் உருவில் ஒரு பெரும் பூதம் தோன்றும். அதுதான் சாரிப்டிஸ். ஒருமுறை கொல்லப்பட்டால் பல மணி நேரத்துக்கு அது வரவே வராது. அந்த நேரம் கழிந்த பின்னும், ஒவ்வொரு திருக்கையைக் கொல்லும்போதும் சீட்டுக் குலுக்கல் போல ஒரு வாய்ப்பு மட்டுமே உண்டு. ஒரே சுற்றில் பலமுறை அடிக்கக்கூடிய கொடூரமான எதிரி அது. வீழ்த்தினால் 'ஜுவாயூஸ்' என்ற வாள் கிடைக்கலாம். ஒரு வீச்சில் சில சமயம் இரண்டு முறை வெட்டும் அந்த வாளுக்காகப் பல ஆண்டுகள் ஆட்கள் அந்தக் குகையில் பாய் விரித்தார்கள்.

இதே குடும்பத்துப் பூதம் இன்னொன்றும் உண்டு, 'லார்ட் ஆஃப் ஒன்சோசோ'. அது தரக்கூடிய 'கிராக்கன் கிளப்' என்ற தண்டாயுதம் ஒரே சுற்றில் இரண்டு முதல் எட்டு முறை வரை அடிக்கக்கூடியது. பூதத்தைக் கண்டு, மற்றவர்களை முந்தி, கொன்று முடித்த பிறகும் அந்த ஆயுதம் கிடைப்பது மிக மிக அபூர்வம். விளையாட்டின் வரலாற்றிலேயே அதிக விலைக்குப் பேசப்பட்ட பொருள்களில் அதுவும் ஒன்று.

இந்த அமைப்பை ஃபைனல் ஃபேன்டசி கண்டுபிடிக்கவில்லை. 1999-ல் அமெரிக்காவில் வந்த எவர்க்வெஸ்ட் இதை ஊன்றிவிட்டது. எளிய பூதம் ஒன்று இடம் காத்து நிற்கும். அதை ஓயாமல் கொன்றுகொண்டே இருந்தால் அரிய பூதம் ஒருநாள் அந்த இடத்துக்கு வரும். ஆடுகிறவர்கள் அங்கேயே முகாமிட்டுக் கிடப்பார்கள். சாரிப்டிஸ் அந்த மரபின் முதிர்ந்த வடிவம்.

அதன் பக்கம் நிற்கும் நியாயங்கள்

குறை சொல்வதற்கு முன் இந்த அமைப்பு சாதித்ததை ஒப்புக்கொள்ள வேண்டும்.

முதலாவது, அது இடத்துக்கு எடை கொடுத்தது. எங்கும் நொடியில் போய்விடலாம், எதுவும் நொடியில் கிடைத்துவிடும் என்ற உலகில் எந்த மூலையும் நினைவில் தங்காது. அந்தக் குகையில் காத்துக் கிடந்தவருக்கு அதன் ஒவ்வொரு வளைவும் மனப்பாடம். திருக்கை எங்கே தோன்றும், எந்தப் பக்கம் நகரும், தனக்குப் பின்னால் வரும் போட்டியாளர் எங்கே ஒளிந்து நிற்பார் என்பதெல்லாம் தெரியும். ஒரு கற்பனை நிலத்தை ஒருவர் இவ்வளவு நெருக்கமாக அறியச் செய்தது சாதாரணக் காரியமல்ல.

இரண்டாவது, அது பேச்சை வளர்த்தது. சண்டையே இல்லாத நீண்ட நேரங்களில் மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் பேசத்தான் செய்வார்கள். டோக்கியோவில் ஒருவரும் டெக்சாஸில் ஒருவரும் மொழி சரியாகத் தெரியாமலேயே ஒரு குளத்தங்கரையில் நட்பானார்கள். பிற்கால விளையாட்டுகள் காத்திருப்பை ஒழித்தபோது இந்தப் பேச்சும் கூடவே ஒழிந்தது.

மூன்றாவது, அந்த வாளைக் கண்டால் அதன் பின்னே ஒரு கதை இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். பொருளுக்குக் கதை சேர்வது நல்ல கற்பனை உலகின் அடையாளம்.

இம்மூன்றும் உண்மையான சாதனைகள். இவற்றைத் தராசின் ஒரு பக்கம் வைத்துவிட்டு மறுபக்கத்துக்கு வருகிறேன்.

எங்கே தவறுகிறது?

முதல் குறை: சாரிப்டிஸுக்கும் கடலுக்கும் உறவில்லை. கிரேக்கப் புராணத்தில் சாரிப்டிஸ் என்பது கடலையே உள்ளிழுத்து மறுபடி வெளியே தள்ளும் பேரச்சம். ஹோமரின் ஒடிஸியில் மாலுமிகள் அதற்குத் தப்பினால் எதிர்ப்பக்கம் ஸ்கில்லாவிடம் சிக்குவார்கள். அதன் பயங்கரம் நீரின் இயக்கத்திலேயே இருக்கிறது. விளையாட்டு அந்தப் பெயரை எடுத்துக் குகைக்குள் ஒரு நீர்நிலையில் வைத்தது. அந்த உலகில் பாத்திரங்களுக்கு நீச்சலே கிடையாது, நிற்பதும் நடப்பதும்தான். ஏற்றவற்றம் அதன் வரவைத் தீர்மானிப்பதில்லை, நிலவு தீர்மானிப்பதில்லை, புயல் தீர்மானிப்பதில்லை. அதைத் தூக்கி ஒரு பாலைவனத்து மணற்குழியில் வைத்தாலும் ஆட்டத்தில் எதுவும் மாறாது. எங்கே வைத்தாலும் ஒன்றே என்றால் அதைக் கடல்பூதம் என்று அழைக்க என்ன உரிமை?

இரண்டாம் குறை இன்னும் ஆழமானது. அதன் அருமைக்கு அந்த உலகுக்குள் காரணம் எதுவும் இல்லை. அது அரிதாக இருப்பது, அரிதாக இருக்கட்டும் என்று ஒரு கணிப்பொறி எண் முடிவு செய்ததால் மட்டுமே. உண்மைக் கடலோடு வைத்துப் பார்த்தால் இந்த வெறுமை பளிச்சென்று தெரியும். தமிழகக் கடலில் முன்பு அடிக்கடி வலையில் விழுந்த வேளா மீனை எடுத்துக்கொள்வோம். நீண்ட தட்டையான மூக்கின் இருபுறமும் பல் வரிசை கொண்ட அந்தப் பேருருவம், பார்த்தவர் எவரையும் பூதம் என்று சொல்லவைக்கும். சங்க காலப் பட்டினப்பாலையே நெய்தல் மக்கள் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டதைப் பதிவு செய்திருக்கிறது. இன்று அது உலகிலேயே அழிவின் விளிம்பில் நிற்கும் மீன்வகைகளில் ஒன்று. 2001-ல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அதைச் சேர்க்க வேண்டிவந்தது. காரணம் கண்கூடு: எந்த வலையானாலும் அந்தப் பல்வரிசை சிக்கிக்கொள்ளும், குட்டிகள் வளரும் ஆற்று முகத்துவாரங்கள் கெட்டன, அது மெதுவாகவே இனம் பெருக்கும். வேளா மீன் அரிதானதற்குப் பின்னால் வலைகளின் வரலாறும் மனிதர்களின் வரலாறும் இருக்கின்றன. சாரிப்டிஸ் அரிதாக இருப்பதற்குப் பின்னால் எந்த வரலாறும் இல்லை.

மூன்றாம் குறை, காத்திருப்பவருக்கு அது எதையும் கற்றுக்கொடுப்பதில்லை. குலுக்கல் முறையின் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற விளையாட்டில் 2014-ல் வந்த கிராக்கன் என்ற கடல்பூதம் தரும் உணர்கரம், சராசரியாக 400 முறைக்கு ஒருமுறை கிடைக்கும். 400 முறை கொன்றவருக்கு அது கிடைத்திருக்கும் என்று நாம் நினைப்போம். உண்மையில் 400 முறை கொன்ற நூறு பேரில் ஏறத்தாழ 37 பேருக்கு ஒன்றுமே கிடைத்திருக்காது. 1,200 முறை கொன்ற பின்னும் நூறில் ஐந்து பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். 1,200 முறை கொன்றவரின் அடுத்த வாய்ப்பும் நேற்று வந்தவரின் முதல் வாய்ப்பும் சமம். உழைப்பு சேர்வதில்லை, அறிவு சேர்வதில்லை, அனுபவம் எந்த எண்ணையும் நகர்த்துவதில்லை. கடலில் இப்படி இல்லை. முப்பது ஆண்டு கடலுக்குப் போனவரின் அடுத்த தூண்டிலும் முதல்நாள் போனவரின் முதல் தூண்டிலும் சமமல்ல. தென்மேற்குப் பருவக்காற்றில் ஆழத்துக் குளிர்நீர் மேலெழுந்து வரும் மாதங்களில் எந்த மீன் எந்தப் பக்கம் நெருங்கும் என்று அவருக்குத் தெரியும். குமரிமுனைக்குத் தெற்கே விரியும் வாட்ஜ் பேங்க் மீன்வளத் திட்டில் எங்கே தூண்டில் இறக்கலாம் என்று தெரியும். அதிர்ஷ்டத்துக்கு அங்கேயும் பெரிய பங்குண்டு. ஆனால் அறிவுக்கும் ஒரு பங்குண்டு. குலுக்கலோ அறிவின் பங்கை முழுவதுமாக நீக்கிவிடுகிறது.

நான்காம் குறை, அது ஆடுகிறவர்களை ஒருவருக்கொருவர் எதிரியாக்கியது. முதலில் அடிப்பவருக்கே பூதம் சொந்தம் என்பது விதி. அந்த நொடி பூதத்தின் பெயர் அடித்தவர் குழுவுக்குச் சிவப்பாகவும் மற்றவர்களுக்கு ஊதாவாகவும் மாறும். அதன் பிறகு மற்றவர்கள் வெறும் பார்வையாளர்கள். நொடியின் சிறு பகுதியில் முந்துவதற்கு மனிதக் கை போதாதபோது, தானே முந்தி அடிக்கும் நிரல்களை ஆட்கள் ஓடவிட்டார்கள். விளையாட்டுப் பொருளை உண்மைப் பணத்துக்கு விற்கும் கூட்டங்கள் இத்தகைய இடங்களைப் பிடித்துவைத்தன. நிறுவனமும் இதை உணர்ந்தது. 'லீப்பிங் லிஸ்ஸி' என்ற பல்லி தந்த காலணியைப் பின்னாளில், மற்றவர்க்கு விற்கவே முடியாத வேறொரு காலணியாக மாற்றியது அதற்குச் சான்று. பொருளை மாற்றினார்கள், அரிதாக்கும் முறையை மாற்றவில்லை. நோய் அப்படியே இருந்தது.

சீ ஹாரர்: பயணத்தின் பூதம்

இப்போது அதே விளையாட்டின் இன்னொரு பக்கத்துக்கு வருவோம். செல்பினா, மௌரா என்று இரண்டு துறைமுக ஊர்கள். இரண்டுக்கும் நடுவே கப்பல் போகும். நம் கணக்கில் ஏறத்தாழக் கால்மணி நேரப் பயணம். புதிதாக விளையாட வந்தவர்கள், இன்னும் வலு சேராதவர்கள், அடுத்த நிலத்துக்குப் போக அந்தக் கப்பலில்தான் ஏறுவார்கள். மேல்தளத்தில் சிலர் தூண்டில் போடுவார்கள். தூண்டிலில் மீனே சிக்கும் என்று உறுதியில்லை. சில சமயம் பூதம் சிக்கும். இழுத்தால் அது தளத்தின் மேல் வந்து விழும். தூண்டில் போட்டவருக்கு மட்டுமல்ல, அந்தக் கப்பலில் இருந்த அத்தனை பேருக்கும் ஆபத்து. கரை வரும்வரை இறங்க வழியில்லை. கீழ்த்தளத்துக்கு ஓடலாம், கூடி நின்று போரிடலாம், விழுந்து சாகலாம். அந்தக் காலத்து விதிப்படி செத்தால் சேர்த்த அனுபவப் புள்ளிகள் குறையும். இந்தக் கப்பல்களில் மட்டுமே காணக்கூடிய கடல்பூதங்களில் அரியது 'சீ ஹாரர்'.

சாரிப்டிஸிடம் கண்ட நான்கு குறைகளையும் கேள்விகளாக்கி இதற்கும் வைக்கிறேன்.

கடலோடு உறவு உண்டா? உண்டு. கப்பலை எடுத்துவிட்டால் இந்தப் பூதமே இல்லை. சுற்றிலும் தண்ணீர், தப்ப வழியில்லாத பலகைத்தளம், கரை வரும் நேரம் என்று கடற்பயணத்தின் சாரமே இதன் ஆயுதம்.

அரிதாக இருப்பதற்கு உலகுக்குள் காரணம் உண்டா? ஓரளவு உண்டு. ஆழத்தில் இருப்பது தானாக மேலே வராது. யாராவது தூண்டில் போட வேண்டும், அது சிக்க வேண்டும், அவர் இழுக்க வேண்டும். இங்கேயும் பின்னால் ஓர் எண் குலுக்கல் நடக்கிறது என்பது உண்மை. அந்தக் குலுக்கலை ஒரு மனிதச் செயல் போர்த்தியிருக்கிறது. அதனால் நமக்கு எண் தெரிவதில்லை, தூண்டில் தெரிகிறது.

அறிவு சேர்கிறதா? கொஞ்சம் சேர்கிறது. மேல்தளத்தில் யார் தூண்டில் போடுகிறார், பயணம் இன்னும் எவ்வளவு மிச்சம், கப்பலில் வலுவானவர் யார் என்று பார்க்கப் பழகியவர் பிழைப்பார்.

மனிதர்களை அது என்ன செய்கிறது? இங்குதான் இரண்டு பூதங்களும் எதிரெதிர் துருவங்களாகப் பிரிகின்றன. குகையில் மற்றவர் என்றால் போட்டியாளர். கப்பலில் மற்றவர் என்றால் சகபயணி. ஒருவர் இழுத்துப்போட்ட வினையை எல்லோரும் அனுபவிக்கிறார்கள். வலுவான ஒருவர் கப்பலில் இருந்தால் எல்லோரும் பிழைக்கிறார்கள். ஒரே வள்ளத்தில் போகிறவர்களுக்கு ஒரே விதி என்பதைக் குளச்சல்காரருக்கோ தூத்தூர்க்காரருக்கோ யாரும் விளக்கத் தேவையில்லை. சுறா வேட்டைக்கென ஆழ்கடலுக்குப் பல வாரப் பயணம் போகும் தூத்தூர்ப் பகுதி மக்கள் 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் இழந்த உயிர்கள் எங்கள் மாவட்டத்தின் ஆறாத காயம். கடலில் பயம் தனியொருவருடையதாக இருக்க முடியாது என்ற உண்மையை, மிகச் சிறிய அளவில், எவருக்கும் தீங்கில்லாத வடிவில், அந்தக் கால்மணி நேரக் கப்பல் தொட்டுக் காட்டுகிறது. ஒரு விளையாட்டிடம் இதற்குமேல் எதிர்பார்க்கத் தேவையில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. இந்த விளையாட்டில் சாரிப்டிஸ் உள்ளிட்ட கணவாய் உருவப் பூதங்களின் குடும்பத்துக்குக் 'கடல் துறவி' என்ற பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள். அது சும்மா வைத்த பெயரல்ல. பதினாறாம் நூற்றாண்டில் டென்மார்க் கடற்கரையில் துறவி அங்கி அணிந்தது போன்ற ஒரு விசித்திர உயிர் பிடிபட்டதாக ஐரோப்பிய நூல்கள் படம் போட்டுப் பேசின. 1850-களில் யாப்பெட்டஸ் ஸ்டீன்ஸ்டிரப் என்ற டேனிஷ் விலங்கியலாளர் அது பெருங்கணவாயாகவே இருக்க வேண்டும் என்று வாதிட்டார். 1857-ல் பெருங்கணவாய்க்கு ஆர்க்கிட்யூதிஸ் என்ற அறிவியல் பெயரையும் அவரே வைத்தார். அதாவது மனிதர்கள் பயந்து பூதமாக்கிய ஒன்று, ஆராய்ந்தபோது உயிராக நின்றது. பூதத்தின் பின்னால் இப்படி ஒரு வரலாறு இருப்பதை அறிந்தே பெயர் வைத்தவர்கள், குகைக் குளத்தில் அதை வீணடித்திருக்க வேண்டாம்.

மற்ற விளையாட்டுகள் சொல்லும் சாட்சி

இரண்டு பூதங்களை வைத்து மட்டும் தீர்ப்பெழுதுவது அவசரமாகும். வேறு சிலவற்றையும் பார்ப்போம்.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2010-ல் தன் கேட்டக்ளிஸம் விரிவாக்கத்தில் வாஷ்ஜிர் என்று முழுக்க முழுக்கக் கடலடியிலேயே ஒரு நிலப்பகுதியைப் படைத்தது. நீரின் ஒளி, ஆழத்தின் இருள், மேலும் கீழும் நீந்தும் விடுதலை என்று கடலை உணரவைத்ததில் அதற்கு இணை குறைவு. அங்கே போசைடஸ் என்ற அரிய கடற்குதிரை எப்போதாவது தோன்றும், வீழ்த்துவோருக்கு வாகனமாகும். ஆனால் அதைக் காண்பதுதான் கடினம், வீழ்த்துவது மிக எளிது. அதன் பாதையைப் புரிந்துகொள்ளத் தேவையில்லை. தோன்றும் இடங்களைச் சுற்றிச்சுற்றி வந்தால் போதும். இவ்வளவு அழகான கடலைக் கட்டியவர்கள் அதன் பூதத்தைக் கடலோடு பிணைக்கவில்லை.

முன்னே சொன்ன ரூன்ஸ்கேப் கிராக்கன் வேறு வழி போனது. போட்டியே வேண்டாமென்று பூதத்தை எப்போதும் கிடைக்கும்படி வைத்து, பரிசை மட்டும் அரிதாக்கியது. சண்டையிட்டுக்கொள்வது குறைந்தது உண்மை. அதற்குக் கொடுத்த விலை பெரிது. எந்நேரமும் குளத்தில் தயாராக இருக்கும் ஒன்றைப் பூதம் என்று மனம் ஏற்பதில்லை. நானூறாவது முறை கொல்லும்போது பயமும் இல்லை, வியப்பும் இல்லை. வேலை மட்டுமே மிச்சம்.

மிகப் பழைய அல்டிமா ஆன்லைன் இதில் பாராட்டத் தக்கது. 1997-ல் வந்த அந்த விளையாட்டில் கடல்நாகங்களிடமிருந்து சில சமயம் செய்தி அடைத்த பாட்டில் கிடைக்கும். செய்தி காட்டும் இடத்துக்குக் கப்பலோட்டிப் போய்த் தூண்டில் போட்டால், மூழ்கிய கப்பலின் பெட்டி மேலே வரும். சிறப்பு வலையை ஆழ்கடலில் வீசினால் கிராக்கன் போன்றவை எழும். தேடிப் போவதும் கப்பலோட்டுவதும் இடம் கணிப்பதும் பூதத்தைக் காணும் வழியாக இருந்தன. இத்தனை ஆண்டுகளுக்கு முன்பே சரியான விடைக்கு அருகில் ஒருவர் வந்திருந்தார் என்பது முக்கியம்.

கடைசியாக ஃபைனல் ஃபேன்டசி ஃபோர்ட்டீன். லெவனை நடத்தும் அதே நிறுவனம் 2020 பிப்ரவரியில் அதில் கடல்மீன்பிடிப் பயணத்தைச் சேர்த்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கப்பல் புறப்படும், 24 பேர் வரை ஏறலாம். பயணத்தில் யாரேனும் ஒருவருக்குக் குறிப்பிட்ட ஒரு மீன் சிக்கினால் கடலே நிறம் மாறி ஒளிரும் நீரோட்டம் எழும். அதன் பலன் கப்பலில் உள்ள எல்லோருக்கும். அந்த நேரத்தில், சரியான தூண்டிலிரையோடு, சரியான மீன்களை முதலில் பிடித்து உள்ளுணர்வை எழுப்பிக்கொண்டவருக்கே எலாஸ்மோசாரஸ் போன்ற பழங்காலப் பேருருவங்கள் சிக்கும். இதில் ஒருவர் பிடித்தால் இன்னொருவருக்கு நட்டமில்லை. அருமைக்கு இரை, நேரம், வரிசை என்று காரணங்கள் உண்டு. காரணங்களைக் கற்றுக்கொண்டவருக்கு வாய்ப்பு கூடும். என் நான்கு கேள்விகளில் மூன்றுக்கு இது முழு விடை தருகிறது.

எதிர்வாதங்கள்

இங்கே ஒரு வலுவான எதிர்வாதம் எழும். காரணம் கண்டுபிடிக்கக்கூடிய அருமை, காரணம் கண்டுபிடிக்கப்பட்டதும் அருமையே இல்லாமல் போய்விடும் அல்லவா? எந்தக் கப்பல் எந்த நேரத்தில், எந்த இரையில் என்று யாரோ ஒருவர் அட்டவணை போட்டுவிட்டால் மற்றவர்கள் அதைப் பார்த்து ஆடிவிடுவார்கள். ஃபோர்ட்டீனில் இது நடக்கவே செய்கிறது. அறிவு உழைப்பின்றிக் கைமாறும்போது அதன் மதிப்பு குறைகிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் அட்டவணையைப் பார்த்து ஆடுபவர்கூடக் கடலின் ஓர் ஒழுங்கைப் பின்பற்றுகிறார். குலுக்கலில் பின்பற்ற எந்த ஒழுங்கும் இல்லை. அட்டவணை தோற்கும் இடத்தில் இன்னும் நுட்பமான காரணங்களை வைக்க வேண்டும் என்பதே இதற்கு மருந்து, காரணங்களை அகற்றுவதல்ல.

இரண்டாவது எதிர்வாதம், இயற்கையிலும் காரணம் தெரியாத அருமை உண்டு என்பது. இதுவும் உண்மைதான். 1973 ஜனவரியில் திருச்செந்தூர்ப் பக்கத்துக் கடற்கரையில் 147 பைலட் திமிங்கிலங்கள் கரை ஒதுங்கின. 43 ஆண்டுகள் கழித்து 2016 ஜனவரியில் அதே கடற்கரையில் மறுபடியும் ஒரு பெருங்கூட்டம் ஒதுங்கியது. ஏன் என்பதற்குப் பல விளக்கங்கள் முன்வைக்கப்பட்டன. எதுவும் முழுதாகத் தீர்த்துவைக்கவில்லை. மெகாமவுத் என்ற பேருருச் சுறா, இந்தப் பூமியில் இருக்கிறது என்பதே 1976-ல் ஹவாய்க்கு அருகே ஒன்று சிக்கும்வரை அறிவியலுக்குத் தெரியாது. ஆனால் இங்கே காரணம் தெரியாமல் இருப்பதற்கும் காரணமே இல்லாமல் இருப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். தெரியாத காரணம் மனிதரைத் தேடவைக்கிறது. அந்தத் திமிங்கிலங்களைப் பற்றி இன்றும் ஆராய்கிறார்கள். சாரிப்டிஸ் ஏன் வந்தது என்று ஆராய ஒன்றுமே இல்லை என்பது ஆடுகிற எல்லோருக்கும் முன்பே தெரியும்.

மூன்றாவது, காத்திருந்தவர்களின் நினைவு. அந்தக் குகை நாள்களை இன்றும் பாசத்தோடு பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பாசம் பொய்யல்ல. அதை உண்டாக்கியது பூதமல்ல, கூட இருந்த மனிதர்கள். மோசமான வரிசையில் நின்றபோது கிடைத்த நல்ல நட்புக்காக வரிசையைப் போற்ற வேண்டியதில்லை.

தீர்ப்பு

எல்லாவற்றையும் நிறுத்துப் பார்க்கும்போது, சாரிப்டிஸும் அதன் வகையும் ஒரு பரிசுக்குப் போட்ட பூட்டாக வெற்றி பெற்றன, கடல்பூதமாகத் தோற்றன. இடத்துக்கு எடை கொடுத்ததும் பேச்சை வளர்த்ததும் அவற்றின் பெருமை. ஆனால் அதற்காக உலகின் தர்க்கத்தையும் ஆடுகிறவர்களின் அறிவையும் அவர்களுக்குள் இருந்த நம்பிக்கையையும் விலையாகக் கொடுத்தன. அந்த விலை அதிகம். மறுபக்கம், பரிசுக்காகப் பெரிதாக யாரும் தேடாத, பெயரும் அதிகம் பேசப்படாத சீ ஹாரர், அந்த விளையாட்டின் உண்மையான கடல்பூதம். அருமைக்கு மனிதச் செயலில் ஒரு காரணம் வைத்தது, கடலைத் தவிர வேறெங்கும் இருக்க முடியாதபடி நின்றது, பயத்தை எல்லோருக்கும் பொதுவாக்கியது. அது தொட்ட வழியில், அதற்கு முன்பே அல்டிமாவின் பாட்டில் செய்திகளும் பின்னர் ஃபோர்ட்டீனின் ஒளிரும் நீரோட்டமும் வேறுவேறு திசையில் நடந்தன. அறிவுக்கு இடம் தந்ததில் ஃபோர்ட்டீன் முன்னே நிற்கிறது. பயத்தைப் பகிர்ந்ததில் லெவனின் அந்தப் பழைய கப்பலை இன்னும் யாரும் மிஞ்சவில்லை. ஒரே படைப்பில் இரண்டும் சேரும்போதுதான் இந்த வகைக்கு முழுமை வரும்.

இதில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. தமிழில் விளையாட்டு செய்யும் இளைஞர்கள் பெருகி வருகிறார்கள். அவர்களில் ஒருவர் நெய்தல் நிலத்தைக் களமாக்கி ஒரு கடல்பூதத்தைப் படைக்க நினைத்தால், எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை அது வர வேண்டும் என்ற எண்ணிலிருந்து தொடங்க வேண்டாம். எந்தப் பாரில் அது வாழ்கிறது, எந்தக் காற்றில் மேலே வருகிறது, யார் என்ன செய்தால் அது கோபப்படும், முன்பு ஏன் நிறைய இருந்தது, இப்போது ஏன் குறைந்தது என்ற கேள்விகளிலிருந்து தொடங்கட்டும். இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லத் தெரிந்தவர்கள் இரணியலிலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தூரத்திலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுச் செய்த பூதம் வாரத்துக்கு ஒருமுறை வந்தாலும் அரிதாகவே தோன்றும். கேட்காமல் செய்த பூதம் ஆண்டுக்கு ஒருமுறை வந்தாலும் வெறும் தாமதமாகவே தோன்றும்.